கட்டைவிரல் நுனிக்கு ஓர் இடம்: பாறையிலும் பிழைப்பிலும் காலூன்றுவது எப்படி

சித்தன்னவாசலுக்குப் போகிற பலர் அறிவர் கோயில் ஓவியத்தைப் பார்த்துவிட்டு அப்படியே திரும்பிவிடுகிறார்கள். மலைமேல் ஏறி மறுபக்கம் போனால் ஏழடிப்பட்டம் இருக்கிறது. இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்னால் சமணத் துறவிகள் தங்கிய குகை, வழவழவென்று தேய்த்து வைத்த 17 கல் படுக்கைகள், அதில் பெரிய படுக்கையில் தமிழ்ப் பிராமி எழுத்து. ஆனால் அந்த இடத்துக்குப் பெயர் வந்தது படுக்கையாலும் இல்லை, எழுத்தாலும் இல்லை. சரிவான பாறையில் கால் வைத்துப் போவதற்காக யாரோ வெட்டிய ஏழு அடிகளால். இப்போது கம்பித் தடுப்பு போட்டிருக்கிறார்கள். ஒரு நிமிடம் அதை மனதிலிருந்து எடுத்துவிட்டு அந்த அடிகளை மட்டும் பாருங்கள். படிக்கட்டு என்று அதைச் சொல்ல முடியாது. கால் வைக்க ஓர் இடம், அப்புறம் அடுத்த காலுக்கு ஓர் இடம், அவ்வளவுதான்.

நான் பெங்களூரில் வேலை பார்க்கிறேன், விடுமுறை நாட்களில் பாறை ஏறுகிறேன். இந்தக் குறிப்பை இரண்டு பேருக்காக எழுதுகிறேன்: முதல் தடவையாகப் பாறையில் ஏறப் போகிறவருக்கு, அப்புறம் தனக்கென்று இடமே இல்லாத ஒரு தொழிலிலோ ஊரிலோ எப்படியாவது நுழையப் பார்க்கிறவருக்கு. இரண்டுக்கும் செய்முறை ஏறக்குறைய ஒன்றுதான் என்பது எனக்குப் பாறையில் விழுந்து எழுந்த பிறகுதான் புரிந்தது.

முதலில் பாறை.

தனியாகப் போகாதீர்கள். கயிறு, ஹார்னஸ் (கயிற்றை மாட்ட இடுப்பிலும் தொடையிலும் கட்டும் பட்டை), ஹெல்மெட், கயிற்றைக் கீழிருந்து பிடித்து உங்களைக் காக்கத் தெரிந்த ஒருவர், இவ்வளவும் இல்லாமல் தரையிலிருந்து ஆள் உயரத்துக்கு மேல் போகக் கூடாது. மழை பெய்த அன்றும் வேண்டாம். கருங்கல் ஈரத்தில் வழுக்கும், பாதாமி மாதிரி மணற்கல் உள்ள இடங்களில் ஈரம் கல்லையே பலவீனமாக்கிவிடும், நீங்கள் பிடித்த விளிம்பு கையோடு வந்துவிடும். மலைத்தேனீக் கூடு இருக்கிறதா என்று பாருங்கள், இருந்தால் சத்தம் போடாமல் வேறு பாறைக்குப் போய்விடுங்கள். பெங்களூருக்குப் பக்கத்தில் இருக்கிற ராமநகரத்தில், ராமதேவர பெட்டா என்கிற மலைப் பக்கம் பிணந்தின்னிக் கழுகுகளுக்கான சரணாலயம் இருக்கிறது, அங்கெல்லாம் எங்கே ஏறலாம், எங்கே கூடாது என்று விசாரித்துக்கொண்டுதான் போக வேண்டும்.

புதிதாக வருகிற எல்லாரும் செய்கிற தவறு ஒன்றுதான். மேலே பார்க்கிறார்கள். கைக்கு ஏதாவது அகப்படுமா என்று தலைக்கு மேலேயே துழாவுகிறார்கள், அகப்பட்டதும் உடம்பைக் கையால் இழுக்கிறார்கள். நானும் அப்படித்தான் ஆரம்பித்தேன், பத்து நிமிடத்தில் முன்கை இரண்டும் கல் மாதிரி இறுகி, விரல் மடங்காமல், பாதியில் கயிற்றில் தொங்கினேன். கீழே கயிறு பிடித்திருந்த அண்ணன், “தம்பி, முட்டிக்குப் பக்கத்துல பாரு” என்றார். பார்த்தேன், அரை அங்குல விளிம்பு ஒன்று இருந்தது, நான் அதைக் கண்ணால் தொடவே இல்லை. ஏணியில் ஏறும்போது நாம் கையால் நம்மை இழுத்துக்கொண்டா போகிறோம்? காலால்தான் எழுந்து நிற்கிறோம். பாறையிலும் அதேதான். கை சமநிலைக்கு, கால் பாரத்துக்கு.

ஆகவே முதல் பாடம்: கீழே பாருங்கள். காலை எடுப்பதற்கு முன்பே அடுத்து எங்கே வைக்கப் போகிறோம் என்று தீர்மானியுங்கள். அப்புறம் கால் அந்த இடத்தில் போய் உட்காருகிறவரை கண்ணை எடுக்கவே எடுக்காதீர்கள். பெரும்பாலானவர்கள் கால் கல்லைத் தொடுவதற்குக் கொஞ்சம் முன்னால் கண்ணை மேலே திருப்பிவிடுகிறார்கள், கால் அரை விரல் தள்ளிப் போய் உட்காருகிறது, அந்த அரை விரல்தான் விழ வைக்கிறது. கால் சத்தமில்லாமல் போய் உட்கார்ந்தால் சரியாக வைத்திருக்கிறீர்கள் என்று அர்த்தம். பாறையில் காலைத் தேய்த்துத் தேய்த்து இடம் தேடுகிற சத்தம் கேட்டால், பார்க்காமல் வைக்கிறீர்கள்.

விளிம்பு இருக்கிற இடத்தில் பாதத்தின் நடுப்பகுதியை வைக்காதீர்கள். கட்டைவிரலின் உள்பக்க ஓரத்தை வையுங்கள். பாதத்தில் பலமான இடம் அதுதான், அந்த முனையில் நின்றால் உடம்பை இந்தப் பக்கம் அந்தப் பக்கம் திருப்பவும் முடியும். கிளைம்பிங் ஷூவை விரலை நெருக்குகிற அளவுக்கு இறுக்கமாகத் தைப்பது இதற்குத்தான், விரல்கள் ஒன்றாகச் சேர்ந்து ஒரே முனையாக வேலை செய்ய வேண்டும். ஏறுவதற்கு முன்னால் அடிப்பகுதியைப் பேன்ட்டில் நன்றாகத் துடைத்துக்கொள்ளுங்கள், ஒரு சிட்டிகை மணல் போதும் வழுக்கி விடுவதற்கு.

(காலணி சின்ன விஷயமில்லை. 1935-ல் இத்தாலிய ஆல்ப்ஸில் ஆறு மலையேறிகள் இறந்துபோனார்கள், அவர்கள் போட்டிருந்த காலணி அந்தக் குளிருக்கும் பனிக்கும் ஏற்றதாக இல்லாததும் ஒரு காரணம். அவர்களுடைய நண்பர் விட்டாலே பிரமானி அந்தத் துக்கத்திலிருந்து உருவாக்கியதுதான் 1937-ல் வந்த ரப்பர் அடிப்பாகம். வைப்ரம் என்ற பெயர் அவருடைய முதல் பெயரின் தொடக்க எழுத்துகளும் குடும்பப் பெயரின் தொடக்க எழுத்துகளும் சேர்ந்தது.)

இப்போது கடினமான பகுதிக்கு வருகிறேன். விளிம்பே இல்லாத பாறையில் என்ன செய்வது? பெங்களூர்ப் பக்கம் இருக்கிற சாவனதுர்கா மலைக்குப் போனால் தெரியும், யானை முதுகு மாதிரி வழவழவென்று சரிந்து கிடக்கிற கருங்கல், கைக்கு ஒன்றும் இல்லை, காலுக்கும் ஒன்றும் இல்லை. ஏறுகிறவர்கள் இதை ஸ்லாப் என்பார்கள். இங்கே நிற்க வைப்பது உராய்வு மட்டும்தான், உள்ளங்காலின் முன்பகுதி முழுவதையும் கல்லின்மேல் அப்பி, குதிகாலைக் கீழே இறக்கி நிற்க வேண்டும். இதற்கு ஸ்மியரிங் என்று பெயர்.

பயம் வந்ததும் உடம்பு தானாகச் செய்வது, பாறையைக் கட்டிப்பிடிப்பது. மார்பும் இடுப்பும் கல்லோடு ஒட்டிக்கொள்ளும். அந்த நொடியே கால் வழுக்கும். உடம்பு உள்ளே சாய்ந்தால் பாரம் காலின்மேல் நேராக இறங்காது, கால் வெளியே தள்ளப்படும். அதனால் இடுப்பை வெளியே கொண்டுவர வேண்டும், பாரம் முழுவதும் கால்மேல் விழ வேண்டும். நீங்கள் எவ்வளவு அழுத்துகிறீர்களோ அவ்வளவு உராய்வு. பயந்து, பாதி பாரத்தை மட்டும் வைத்து, “தாங்குமா பார்க்கலாம்” என்று நின்றால் தாங்காது. நம்பி முழுதாக நின்றால் தாங்கும். இதைக் காதால் கேட்டு ஏற்றுக்கொள்ள முடியாது. நானும் ஏற்றுக்கொள்ளவில்லை, மூன்று ஞாயிற்றுக்கிழமை வழுக்கி வழுக்கி, கயிறு பிடித்த பிறகு, நான்காவது ஞாயிறு ஒரு தடவை இடுப்பை வெளியே விட்டு நின்றேன், கால் அசையவே இல்லை. அன்று எனக்கு வந்த அமைதி இன்னும் ஞாபகம் இருக்கிறது.

ஆனால் முழுப் பாரம் வை என்று சொல்வதை மூடத் துணிச்சல் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. கலிபோர்னியாவில் எல் கேப்பிடன் என்கிற, ஏறக்குறைய 900 மீட்டர் உயரப் பாறையை அமெரிக்கப் பாறையேறி அலெக்ஸ் ஹொன்னால்ட் 2017 ஜூன் 3 அன்று கயிறே இல்லாமல் ஏறினார். உலகம் அதைத்தான் பேசுகிறது. எனக்கு முக்கியமாகப் படுவது அதற்கு முந்தைய 2016 இலையுதிர் காலத்தில் நடந்தது. ஏற ஆரம்பித்தவர் கீழ்ப்பகுதியில் இருக்கிற வழவழப்பான ஸ்லாபிலேயே, காலை மட்டும் நம்பி நிற்க வேண்டிய இடத்தில், இது சரிப்படவில்லை என்று முயற்சியை விட்டுவிட்டார். மேலே இருந்த செங்குத்தான பகுதிகளை அன்று அவர் தொடவே இல்லை. நம்பிக்கை வராத காலில் பாரம் போடவில்லை. திரும்பத் திரும்பக் கயிற்றோடு பழகிவிட்டுத்தான் மறுபடியும் வந்தார். நமக்குக் கயிறு இருக்கிறது, அதனால் சோதித்துப் பார்க்கலாம், விழலாம், அதற்குத்தான் கயிறு.

கால் நடுங்க ஆரம்பித்தால், தையல் மிஷின் ஊசி மாதிரி குதிகால் மேலும் கீழும் ஆடும், எல்லாருக்கும் வரும், பதற வேண்டாம். குதிகாலை இறக்குங்கள், மூச்சை நீளமாக விடுங்கள், நின்றுவிடும். எட்டி எட்டிப் பெரிய அடியாக வைக்காதீர்கள். பெரிய அடி வைத்தால் மறுபடி கையால்தான் இழுக்க வேண்டிவரும். இரண்டு சின்ன அடி, ஒரு பெரிய அடியைவிட எப்போதும் நல்லது. அப்புறம், ஒரு நல்ல இடம் கிடைத்துவிட்டது என்று அங்கேயே நின்றுகொண்டிருக்காதீர்கள். கெண்டைக்கால் களைத்துக்கொண்டே வரும், முதல் நிமிடம் வசதியாக இருந்த விளிம்பு ஐந்தாவது நிமிடம் ஊசியாகக் குத்தும். நின்று, மூச்சு வாங்கி, அடுத்ததைப் பார்த்து, கிளம்புங்கள்.

பாறை இத்துடன் போதும். சொல்லுக்கு வருவோம், ஏனென்றால் நம் மொழியில் இந்த விஷயம் ஏற்கனவே இருக்கிறது.

ஒரு நிறுவனம் புது ஊரில் கடை திறந்தால் “கால் பதித்தது” என்று பத்திரிகையில் போடுகிறார்கள். அந்தக் கடை நான்கு வருடம் தாங்கி நின்றால்தான் “காலூன்றிவிட்டது” என்கிறோம். இரண்டும் ஒன்றில்லை. பதிப்பது தடம், ஈர மணலில்கூடத் தடம் பதியும். ஊன்றுவது அழுத்துவது. ஊன்றுகோல் என்று ஏன் சொல்கிறோம்? பாரத்தை அதன்மேல் போடுகிறோம், அதனால். பாறையில் நான் நான்கு ஞாயிறு செலவழித்துக் கற்றுக்கொண்டது அந்த வினைச்சொல்லுக்குள்ளேயே இருந்திருக்கிறது. கல்யாண வீட்டில் பந்தல் வருவதற்கு முன்னால் ஒரே ஒரு காலை நட்டு, மஞ்சள் குங்குமம் வைத்து, மாவிலை கட்டுகிறோமே, அந்தப் பந்தக்காலும் இதுதான். மாவலியிடம் வாமனன் கேட்டதும் மூன்றடி மண்தான்.

அதே சமயம், இடம் கொடுக்கிறவர் பக்கத்திலிருந்து பார்த்த சொற்களும் இருக்கின்றன. இடம் கொடுத்தால் மடம் பிடுங்குவான். ஒண்ட வந்த பிடாரி ஊர்ப் பிடாரியை விரட்டியது. சென்னைக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. 1639-ல் கிழக்கிந்திய கம்பெனியின் பிரான்சிஸ் டே, தாமர்லா நாயக்கர்களிடம் வாங்கியது கடலோரத்தில் சில மைல் நீளமுள்ள ஒரு மணல் துண்டு. துறைமுகம் கிடையாது, கப்பல் தூரத்தில் நிற்கும், அலைக்குள் மசூலா படகில்தான் ஆளும் சரக்கும் கரைக்கு வர வேண்டும். யாரும் பெரிதாக மதிக்காத இடம். அடுத்த வருடமே அங்கே கோட்டை கட்ட ஆரம்பித்தார்கள், அதற்கப்புறம் நடந்தது நமக்குத் தெரியும். ஆகவே, சின்ன இடம் கேட்கும்போது அது யாருடைய இடம் என்பதையும் சேர்த்து யோசியுங்கள். நான் கீழே சொல்கிற வழிகள் நேர்மையாக உழைத்து ஓர் இடம் பிடிக்க நினைக்கிறவர்களுக்கு.

சரி, பிழைப்பு.

இங்கேயும் முதல் தவறு மேலே பார்ப்பதுதான். 1959-ல் ஹோண்டா நிறுவனம் அமெரிக்காவில், லாஸ் ஏஞ்சல்ஸில், கடை போட்டது. அமெரிக்கர்களுக்குப் பெரிய வண்டிதான் பிடிக்கும் என்று பெரிய மோட்டார் சைக்கிள்களை விற்பதிலேயே கவனமாக இருந்தார்கள். அந்த ஊர் நெடுஞ்சாலையில் நீண்ட தூரம் வேகமாக ஓட்டியதில் அவை எண்ணெய் ஒழுகி, கிளட்ச் போய், நின்றுபோயின. அதே நேரத்தில் கம்பெனி ஆட்கள் தாங்கள் ஊருக்குள் போய்வர 50 சிசி சூப்பர் கப் வண்டியை வைத்திருந்தார்கள். தெருவில் அதைப் பார்த்தவர்கள் இது எங்கே கிடைக்கும் என்று விசாரிக்க ஆரம்பித்தார்கள். மோட்டார் சைக்கிள் கடைகளை விட்டுவிட்டு விளையாட்டுச் சாமான் கடைகள் வழியாகக்கூட அது விற்றது. அமெரிக்காவில் அவர்கள் காலூன்றியது அந்தக் குட்டி வண்டியில்தான். தலைக்கு மேலே துழாவிக்கொண்டிருந்தவர்களுக்கு விளிம்பு முட்டிக்குப் பக்கத்தில் இருந்திருக்கிறது.

அதனால் பேனாவை எடுத்து எழுதுங்கள்: இப்போதே உங்கள் கையில் இருப்பது என்ன, யார் ஏற்கனவே உங்களிடம் வந்து ஏதாவது கேட்கிறார்கள், நீங்கள் சம்பளம் வாங்காமல் செய்துகொடுக்கிற வேலை எது? உங்கள் அரை அங்குல விளிம்பு பெரும்பாலும் அந்தப் பட்டியலில்தான் இருக்கும்.

என் அண்ணி விஷயத்தைச் சொல்கிறேன். கல்யாணமாகி இந்த ஊருக்கு வந்து, நன்றாகச் சமைப்பார், டிபன் கடை போட வேண்டும் என்று ஆசை. இடம் பார்த்தோம், அட்வான்ஸ் தொகையைக் கேட்டுத் திரும்பி வந்தோம். ஒரு வருடம் அந்தப் பேச்சே இல்லை. ஆனால் அந்த ஒரு வருடமும் எதிர் வீட்டிலும் மாடி வீட்டிலும், “இன்னிக்கு மாவு அரைச்சீங்களா, ஒரு கிண்ணம் கிடைக்குமா?” என்று கேட்டு வாங்கிக்கொண்டுதான் இருந்தார்கள். ஒரு நாள் நான், “அண்ணி, இதையே விக்கலாமே” என்றேன். “போங்க தம்பி, மாவு விக்கிறதெல்லாம் ஒரு தொழிலா” என்றார். அடுத்த சனிக்கிழமை பன்னிரண்டு பாக்கெட் போட்டார்.

எங்கள் குடியிருப்பில் நான்கு பிளாக். அவர் ஒரே ஒரு பிளாக்குக்கு மட்டும், சனிக்கிழமை சாயங்காலம் மட்டும், இட்லி மாவு மட்டும் கொடுத்தார். தோசை மாவு கேட்டவர்களுக்கு இல்லை என்றார், சட்னி கேட்டவர்களுக்கும் இல்லை. இந்தக் குறுக்கல் ரொம்ப முக்கியம். கட்டைவிரல் ஓரத்தைத்தான் வைக்க வேண்டும், பாதம் முழுவதையும் ஒரு சின்ன விளிம்பில் வைக்கப் பார்த்தால் எதுவும் சரியாக உட்காராது.

முதல் இரண்டு மாதம் அது ஒழுங்காக நடக்கவில்லை. ஒரு வாரம் கொடுப்பார், ஒரு வாரம் ஊருக்குப் போய்விடுவார், ஒரு வாரம் உடம்பு சரியில்லை. வாங்குகிறவர்கள் என்ன செய்வார்கள்? கடையில் கிடைக்கிற பாக்கெட்டை வாங்கி பிரிட்ஜில் வைத்துக்கொண்டார்கள். பன்னிரண்டு ஐந்தானது. ஆள் இல்லை என்று அண்ணி நினைத்தார், பாரம் வைக்கவில்லை என்று நான் நினைத்தேன். சொன்னேன், கோபப்பட்டார், பிறகு அண்ணனை உட்காரவைத்து யோசித்தார். ஊருக்குப் போவதென்றால் ஞாயிற்றுக்கிழமை காலையில்தான் கிளம்புவது என்று முடிவானது. டிசம்பரில் இந்த ஊர்க் குளிருக்கு மாவு புளிக்காது, அதற்காக வெள்ளிக்கிழமை காலையிலேயே அரைத்து, கையால் நன்றாகக் கலந்து, லைட் மட்டும் எரிகிற ஓவன் அடுப்புக்குள் பாத்திரத்தை வைத்தார். தொடர்ந்து இருபது சனிக்கிழமை ஒன்றுகூட விடவில்லை. விளம்பரம் எதுவும் செய்யவில்லை. இப்போது நான்கு பிளாக்குக்கும் போகிறது, வாரம் மூன்று நாள், உதவிக்கு ஓர் அம்மா வருகிறார்.

பெரிய அளவில் இதைச் செய்துகாட்டிய ஒருவர் கடலூர்க்காரர். சி. கே. ரங்கநாதன் குடும்பத் தொழிலை விட்டு வெளியே வந்து, 1983-ல் 15,000 ரூபாயோடு சிக் ஷாம்பூவை ஆரம்பித்தார். பாட்டில் ஷாம்பூ பெரிய கம்பெனிகள் கையில் இருந்த காலம், சாஷே என்கிற சின்னப் பொட்டலத்தில் ஷாம்பூ போடும் வழியைக் காட்டியவர் அவருடைய அப்பா சின்னி கிருஷ்ணன். ஒரு தடவை தலைக்குக் குளிக்கிற அளவு, சில்லறைக் காசுக்கு. பாட்டில் வாங்க முடியாத கிராமத்து வீடுகள்தான் அந்த விளிம்பு, அங்கே பெரிய கம்பெனிகள் அவ்வளவாகக் கால் வைக்கவில்லை. எனக்குப் பிடித்தது அதற்கப்புறம் செய்ததுதான்: எந்தக் கம்பெனியின் காலி சாஷே ஆனாலும் ஐந்தைக் கொண்டுவந்தால் ஒரு சிக் சாஷே இலவசம் என்றார், பழகிய பிறகு சிக் காலி உறைகளுக்கு மட்டும் என்று மாற்றினார். கையிலிருந்த சின்ன முதலை ஒரே இடத்தில் முழுதாக இறக்கினார், நின்றதும் அடுத்த அடியை வைத்தார். பின்னாளில் கெவின்கேர் ஆனது அந்தக் கம்பெனிதான்.

வேலை தேடுகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. தெரியாத துறையில் நுழைய இருபது இடத்துக்கு விண்ணப்பம் போட்டுவிட்டுக் காத்திருப்பது பாறையைக் கட்டிப்பிடிக்கிற மாதிரி. ஒரே ஓர் இடத்தில், ஒரே ஒரு சின்ன வேலையை, கேட்ட தேதிக்கு முந்தின நாள் முடித்துக் கொடுங்கள். ஆனால் காசில்லாமல் மாதக்கணக்காக உழைக்கச் சொல்கிற இடம் விளிம்பு இல்லை, பாசி. எவ்வளவு அழுத்தினாலும் அதில் உராய்வு வராது. ஒரு முறை நானே அப்படி ஓர் இடத்தில் எட்டு மாதம் நின்றிருக்கிறேன், அடுத்த மாதம் பார்க்கலாம், அடுத்த மாதம் பார்க்கலாம் என்று. கெண்டைக்கால்தான் களைத்தது. பாசியா கல்லா என்று தெரிய ஆறு வாரம் போதும்: அதற்குள் பணமோ, அடுத்த வேலையோ, உங்கள் பெயரை இன்னொருவரிடம் சொல்கிற ஓர் ஆளோ, இந்த மூன்றில் ஒன்றாவது வந்திருக்க வேண்டும். வரவில்லையென்றால் இறங்கிவிடுங்கள்.

இறங்குவதற்கும் ஒரு முறை இருக்கிறது, அதைச் சொல்லாமல் விட்டால் ஏறச் சொன்னது பாதியாகிவிடும். பாறையில் இறங்கும்போது கீழ் விளிம்பு கண்ணுக்குத் தெரியாது. அதனால் ஏறும்போதே ஒவ்வொரு காலடியையும் ஞாபகத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். இறங்குகையில் மேலே இருக்கிற காலை நன்றாக மடக்கி, பாரம் முழுவதும் அதன்மேலேயே இருக்க, மற்றக் காலை மெதுவாகக் கீழே நீட்டித் தேட வேண்டும். கீழ்க்கால் உட்கார்ந்த பிறகுதான் மேல்காலை எடுப்பது. வேலையை விடுகிறவரும் அதேபோல அடுத்த இடத்தில் ஒரு காலை வைத்துவிட்டு இந்தக் காலை எடுக்கட்டும்.

ஏறிப் பார்க்க மலை பக்கத்தில் இல்லையென்றால், வீட்டில் ஒரு செங்கல்லைச் சுவரோரம் கிடத்தி, அதன் விளிம்பில் வெறுங்காலோடு கட்டைவிரல் ஓரத்தால் மட்டும் நின்று பாருங்கள், சுவரில் விரல் நுனிகளை லேசாக வைத்துக்கொண்டு. முதல் நாள் அரை நிமிடம் நிற்பது கஷ்டம். இரண்டு வாரத்தில் இரண்டு நிமிடம் வரும். அப்புறம் ராமநகரத்துக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை வாருங்கள், காலை ஆறு மணிக்கே வந்துவிடுங்கள், வெயில் ஏறினால் கல் சுடும்.